கரிசல் மண், உப்புத் தண்ணீர், ஆடிக்காற்று... கோவில்பட்டி வீடுகளில் எந்தப் பூச்செடி நிற்கும்? எது கருகும்?

நர்சரியில் பூவும் மொட்டுமாக இருந்த ரோஜா, வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் வெறும் குச்சியாக நிற்கிறது. இட்லிப்பூ இலை மஞ்சளாகிறது. கனகாம்பரம் மழைக்காலத்தில் வாடுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் வீட்டுத் தோட்டம் போட்டுப் பார்த்த பலருக்கும் இது பழகிய கதைதான். "நமக்குக் கைராசி இல்லை" என்று அடுத்த வருஷம் மறுபடியும் அதே செடிகளை வாங்குகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் செடித் தேர்வில்தான் பிரச்னை. செம்மண்ணுக்கும் வண்டல் மண்ணுக்கும் ஏற்ற செடியைக் கரிசலில் வைத்துவிட்டு, அது செத்துப்போகாமல் இருக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். கரிசலுக்கு என்றே பழகிய பூச்செடிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம்.

கரிசல் மண்ணில் அப்படி என்ன சிக்கல்?

கரிசல் மண்ணில் களியின் அளவு மிக அதிகம். அதிலும் மான்ட்மொரில்லோனைட் என்ற ஒரு வகைக் களி. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் பருத்திக் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெடிப்பு உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் விடும். விடும்போது அந்த இடத்தில் இருக்கும் மெல்லிய வேர்களை இழுத்து அறுத்துவிடும். வெடிப்பு வழியாக அடிமண் ஈரமும் ஆவியாகிப் போகும்.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். வெடிப்பு மூடிக்கொள்ளும். மேலே விழும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கி நிற்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. கோடையைத் தாங்கிய செடி கார்த்திகையில் அழுகிச் சாவது இதனால்தான். கோடையில் ஒரு விதமாகவும் மழையில் ஒரு விதமாகவும் தொல்லை கொடுக்கும் மண் இது. இரண்டையும் தாங்கும் வேர் உள்ள செடிதான் இங்கே நிற்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. மண் கறுப்பாக இருப்பதால் மட்கு நிறைய இருக்கும், உரமே தேவையில்லை என்பார்கள். உண்மையில் கரிசலில் கரிமச் சத்தும் தழைச்சத்தும் பெரும்பாலும் குறைவுதான். ஈரத்தைப் பிடித்து வைப்பதில்தான் இது கெட்டிக்கார மண். சாம்பல் சத்துக்கு அவ்வளவாகப் பஞ்சம் இல்லை.

இலை ஏன் மஞ்சளாகிறது?

கரிசலில் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடைக்கும். அது சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பால் மண்ணின் கார அமிலத் தன்மை பல இடங்களில் 8-ல் இருந்து 8.5 வரை போகிறது. அந்த நிலையில் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. இட்லிப்பூவிலும் மல்லிகையிலும் ரோஜாவிலும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இதற்கு அன்னபேதி உப்பை மண்ணில் போடுவதில் பெரிய பலன் இல்லை. சுண்ணாம்பு அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் வேலை செய்யும். பசுமை திரும்பும் வரை வாரம் ஒருமுறை தெளிக்கலாம். தரை டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் பார்த்துவிட்டு முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் போடுகிறவர்கள் நிறைய. புளிப்பு மண் உள்ள ஊர்களுக்கு அது சரி. ஏற்கெனவே சுண்ணாம்பு மிஞ்சிய கரிசலுக்கு அது தேவையே இல்லை. சாம்பல் போட்டால் காரம் இன்னும் கூடும். தொழுஉரம், மண்புழு உரம், மட்கிய இலை ஆகியவைதான் இந்த மண்ணுக்கு உண்மையான உரம்.

மழை எவ்வளவு? காற்று எப்படி?

கோவில்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1901-ல் தொடங்கியது. மானாவாரிப் பயிர் ஆராய்ச்சியில் நூறாண்டுக்கு மேல் அனுபவம் உள்ள இடம். இங்கே ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வந்து முடிந்துவிடும். மீதி மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சில சமயம் அந்த மழையும் ஒரேயடியாகக் கொட்டும். 2023 டிசம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வறண்ட பூமிதானே என்று வடிகால் இல்லாமல் தோட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வாரம் போதும்.

காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கில் இருந்து அடிக்கும் காற்று, வெயிலுக்குச் சமமாக இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வைகாசி வெயிலைத் தாண்டிய செடி ஆடியில் கருகினால், வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு மேற்குப் பக்கம் காற்றைத் தாங்கும் புதர்ச்செடிகளை வரிசையாக வைத்து, மென்மையான செடிகளை அதன் மறைவில் வைப்பதுதான் முதல் வேலை.

சரி, எந்தச் செடியில் தொடங்கலாம்?

முதல் இடம் ஆவாரைக்குத்தான். சாலையோரத்தில் தானாக முளைக்கிறது என்பதாலேயே வீட்டில் வைக்க யோசிக்கிறார்கள். ஆனால் ஆள் உயரத்துக்குப் புதராக வளர்ந்து, மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் இதைவிடப் பொருத்தமான செடி கரிசலுக்குக் கிடையாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூ வீட்டிலேயே கிடைக்கும். ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலே ஆவாரம்பட்டையை நம்பி நடந்தது.

ஆவாரையைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி அது. காய்ந்த நெற்றில் இருந்து விதை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று நான்கு விதையாக ஊன்றிவிடுங்கள். முதல் வருஷம் மட்டும் தண்ணீர் காட்டினால் போதும். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் பயந்து மருந்து அடிக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையைத் தின்றுவிட்டுப் போகும், செடி மறுபடி துளிர்க்கும்.

அடுத்தது காகிதப்பூ, அதாவது போகன்வில்லா. பிரேசிலில் இருந்து வந்த செடி. நாம் பூ என்று நினைக்கும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடி இலைகள். நிஜமான பூ நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருக்கும். "எங்க வீட்டுக் காகிதப்பூ இலையா விடுது, பூவே இல்லை" என்று சொல்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். காகிதப்பூ தாகத்தில்தான் பூக்கும். நன்றாக வேர் பிடித்த பிறகு மண் நன்கு காயும் வரை விட்டுவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்து அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பூஜைக்கு வெள்ளைப் பூ வேண்டும் என்றால் நந்தியாவட்டை. அடுக்கு, ஒற்றை இரண்டுமே கரிசலில் நன்றாக வரும். வருஷம் முழுக்க ஏதாவது பூ இருந்துகொண்டே இருக்கும். மயிற்கொன்றையும் டிகோமாவும் (நர்சரியில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்கள், கொத்துக் கொத்தாக மஞ்சள் மணி போலப் பூக்கும் செடி) சுண்ணாம்பு மண்ணைப் பொருட்படுத்தாதவை. இரண்டும் பத்தடி வரை போகக்கூடும் என்பதால் வருஷம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். பவளமல்லிக்கு இடம் இருந்தால் ஒன்று போதும். விடியற்காலையில் வாசல் முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்கும்.

வேலியில் கொடி ஏற்ற வேண்டும் என்றால் சங்குப்பூ. களிமண்ணில் செழிக்கும் பயறுக் குடும்பத்துக் கொடி இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே போன்ற கறுப்புக் களிமண் நிலங்களில் மாட்டுத் தீவனத்துக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். காற்றில் உள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்து மண்ணுக்குக் கொடுப்பதால், பக்கத்துச் செடிகளுக்கும் லாபம்.

தரையோடு தரையாகப் பூக்க நித்திய கல்யாணி இருக்கிறது. சுடுகாட்டுப் பூ என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆனால் இதன் இலையில் இருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிர் செய்து மூலிகை வியாபாரிகளுக்கு விற்கிறவர்களும் உண்டு. அதே வகையில் இந்தப் பக்கத்து நிலாவாரை, 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்ட மூலிகை. நித்திய கல்யாணியை ஆடு மேயாது. ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மேட்டில் வையுங்கள்.

சீக்கிரம் நிறம் வேண்டும் என்கிறவர்களுக்குக் கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுப்பூ, அந்திமந்தாரை. புரட்டாசி மழைக்கு விதை தூவினால் மார்கழிக் கோலத்துக்குப் பூ ரெடி. அந்திமந்தாரையை ஒருமுறை வைத்தால் போதும். கிழங்கு மண்ணுக்குள் தங்கி, அடுத்த மழைக்குத் தானாக எழுந்து வரும்.

அரளி வைக்கலாமா? குழந்தைகள் இருக்கும் வீட்டில் எச்சரிக்கை

மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் கோவில்பட்டியைக் கடக்கும்போது நடுவில் பூத்து நிற்கும் அரளியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. லாரிப் புகை, தார்ச்சாலைச் சூடு, காற்று எல்லாவற்றுக்கும் நடுவில் அது பூக்கிறது. வறட்சி தாங்கும், ஓரளவு உப்புத் தண்ணீரும் தாங்கும், ஆடு மாடு கிட்டே வராது. மேற்குப் பக்கக் காற்றுத் தடுப்புக்கு இதைவிட மலிவான செடி இல்லை.

ஆடு மாடு ஏன் கிட்டே வருவதில்லை? அரளியின் இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாமே விஷம். இதயத் துடிப்பைப் பாதிக்கும் விஷம். மஞ்சள் அரளி இன்னும் ஆபத்தானது. அதன் காய் குழந்தைகள் விளையாட எடுக்கிற மாதிரி உருண்டையாக இருக்கும். உள்ளே இருக்கும் விதையில்தான் விஷம் அதிகம்.

எனவே நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீட்டில் மஞ்சள் அரளி வேண்டாம். ஏற்கெனவே மரமாக நின்றால் காய் பிடிக்கும் முன் கிளையை வெட்டிவிடுங்கள். செவ்வரளி, வெள்ளை அரளி வைத்தே ஆக வேண்டும் என்றால் காம்பவுண்டுக்கு வெளி ஓரம், கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வெட்டிய குச்சியை அடுப்பில் எரிக்கக் கூடாது, புகையும் விஷம். வெட்டிய தழையை மாட்டுத் தொழுவம் பக்கம் போடவும் கூடாது. யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைப்பது, புளி கரைத்துக் கொடுப்பது என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதலில் சாதாரணமாகத் தெரிந்தாலும் பிறகு நிலைமை மோசமாகலாம்.

மாநில மலர் என்பதால் செங்காந்தளை ஆசையாக வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் கிழங்கும் கடும் விஷம். சிறு குழந்தைகள் தோண்டி விளையாடும் இடத்தில் அது வேண்டாம்.

உண்ணிச்செடி என்கிற லண்டானாவை நர்சரியில் கலர் கலராக விற்கிறார்கள். காடுகளில் பரவி மற்ற செடிகளை அழிக்கும் களை என்று அதை அகற்ற அரசு செலவு செய்துகொண்டிருக்கிறது. சீமைக்கருவேலத்தால் பட்டது போதாதா?

மல்லிகை இல்லாத வீடா?

மல்லிகைக்குப் பிடித்தது வடிகால் உள்ள செம்மண். பக்கத்துச் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு வண்டி வண்டியாக வரும் பூவைப் பார்த்துவிட்டு, "அங்கே வரும்போது நம்ம வீட்டில் ஏன் வரவில்லை" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தூரத்தை வைத்து மண்ணைச் சொல்ல முடியாது. இந்த வட்டாரத்திலேயே கரிசலுக்கு நடுவே செம்மண் திட்டுகள் உண்டு. எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் ஊரான இடைச்செவலின் பெயரிலேயே 'செவல்' இருக்கிறது. உங்கள் வீட்டு மண் எது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுத்தக் கரிசல்தான் என்றால் மல்லிகையை மேட்டுப் பாத்தியில் வைக்கலாம். தரைமட்டத்தில் இருந்து ஓரடி உயரத்துக்குச் செங்கல் வரிசை கட்டி, செம்மண், தொழுஉரம், வீட்டு மண் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பி நட வேண்டும். செடிக்குச் செடி நாலடி இடைவெளி. இளம் இலை மஞ்சளானால் மேலே சொன்ன அன்னபேதித் தெளிப்பு.

மல்லிகையில் பூ குறைவதற்கு முக்கியக் காரணம் கவாத்து செய்யாததுதான். வெட்ட மனசு வராது. மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும். நவம்பர் கடைசியில், தரையில் இருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, இரண்டுக்கும் 45 சென்டிமீட்டர். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தி, வெட்டியதும் தொழுஉரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மாசி, பங்குனியில் மொட்டு கட்டும். மொட்டு ஊதா நிறமாக மாறி ஓட்டை விழுந்தால் அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு வேப்பெண்ணெய் தெளிக்கலாம்.

ரோஜா, இட்லிப்பூ, கனகாம்பரம்?

இவை மூன்றையும் கரிசல் தரையில் நேரடியாக வைக்காமல் இருப்பது நல்லது. தொட்டியில் அல்லது குரோ பேக்கில் வைக்கலாம். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து ரோஜாத் தொட்டிக்குக் கோடையில் காலையும் மாலையும் ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால் வாரத்துக்கு 140 லிட்டர். அதே பத்து நந்தியாவட்டை, ஆவாரை, மயிற்கொன்றைக்கு, தரையில் வேர் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை 5 லிட்டர் வீதம் 50 லிட்டர் போதும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊரில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. அதனால் ரோஜா வேண்டாம் என்று இல்லை. பத்துக்குப் பதில் இரண்டு தொட்டி. ஓசூர் பக்கத்துப் பெரிய பூ ரகங்களைவிட, மணமுள்ள பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் இந்த வெயிலைத் தாங்கும்.

கனகாம்பரத்துக்குப் பாதி நிழல் வேண்டும். வேரில் நூற்புழு தாக்கும். சுற்றிலும் செண்டுப்பூ வைத்தால் அது குறையும். கொடைக்கானலில் பார்த்த ஹைட்ரேஞ்சியா, அசேலியாவை ஆசைப்பட்டு வாங்கி வராதீர்கள்.

செம்பருத்தியில் ஏன் இவ்வளவு பூச்சி?

பருத்தியும் வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். பருத்தி விளையும் பூமியில் செம்பருத்தி வைத்தால், பருத்திக்கு வரும் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி எல்லாம் விருந்துக்கு வரத்தான் செய்யும். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி மாநிலம் முழுக்கப் பரவியபோது செம்பருத்தியும் அடிவாங்கியது. கடைசியில் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கொண்டுவரப்பட்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான் அதைக் கட்டுப்படுத்தியது. கடும் விஷ மருந்தை அடித்தால் இப்படிப்பட்ட நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும்.

வீட்டளவில், பூச்சி பிடித்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி வேலையை முடிக்கும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியைக் காப்பாற்றுவதே எறும்புதான். ஒட்டு ரகங்களை விட நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி இந்தத் தொல்லையை அதிகம் தாங்கும்.

எப்போது, எப்படி நடுவது?

குழியை ஆடி, ஆவணியில் எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். நடுவது புரட்டாசியில், முதல் மழை விழுந்து மண் பதமானதும். பதம் பார்ப்பது எப்படி என்று சம்சாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு கை மண்ணை உருட்டிக் கீழே போட்டால் உதிர வேண்டும். சப்பென்று ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரக் கரிசலை மிதித்தும் கொத்தியும் வேலை செய்தால் காய்ந்த பிறகு செங்கல் மாதிரி இறுகிவிடும்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் போதும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். எடுத்த கரிசலை வெளியே கொட்டிவிட்டு, குழி முழுக்கச் செம்மண்ணும் மணலும் நிரப்புகிறார்கள். சுற்றிலும் களி, நடுவில் பொலபொலவென்று மண் இருந்தால், மழைத் தண்ணீர் முழுக்க அந்தக் குழிக்குள் இறங்கி நிற்கும். செடி தொட்டித் தண்ணீரில் நிற்பது மாதிரி ஆகிவிடும். எடுத்த மண்ணையே பாதிக்கு மேல் திரும்பப் போட்டு, அதோடு மட்கிய தொழுஉரத்தைக் கலந்து, சுற்றுத் தரையைவிட அரையடி மேடாக முடித்துவிடுங்கள். களியை இளக்குகிறோம் என்று கொஞ்சம் மணலைக் கலப்பதும் உதவாது. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் இறுக்கம்தான் கூடும்.

தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியம், கர்நாடகாவின் பெங்களூரு, நம்ம ஓசூர் என்று பல ஊர்களில் இருந்து செடி வருகிறது. வேர்ப்பந்தைச் சுற்றியுள்ள மண் வேறு, உங்கள் மண் வேறு. கவரைக் கிழித்ததும் அப்படியே குழியில் வைக்காமல், வேர்ப்பந்தைத் தண்ணீரில் முக்கி, ஓரத்து மண்ணை விரலால் மெல்ல உதிர்த்து, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் வேர் அந்தப் பந்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல், உயரம் குறைந்த, கிளை அதிகமுள்ள செடியாகப் பாருங்கள்.

நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, காகிதப்பூ எல்லாம் பென்சில் கனக் குச்சியிலேயே வரும். பக்கத்து வீட்டுக்காரர் கவாத்து செய்யும் நாளில் ஒரு கைப்பிடி குச்சி கேட்டு வாங்கினால் நர்சரிச் செலவே மிச்சம்.

தண்ணீர் எவ்வளவு? எந்தத் தண்ணீர்?

வெடித்த கரிசலில் வாளியோடு கவிழ்த்தால், தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடி வேருக்குக் கீழே போய்விடும். முதலில் ஒரு சொம்பு ஊற்றி மண் உப்பி வெடிப்பு மூடும் வரை கால் மணி நேரம் விட்டு, பிறகு மீதியை மெதுவாக ஊற்றுங்கள். அடியில் ஊசித் துளை போட்ட தண்ணீர் கேனை வேர் ஓரம் வைத்துவிடுவதும் நல்ல வழி. புதிதாக நட்ட செடிக்கு முதல் கோடையில் வாரம் இருமுறை, அடுத்த வருஷம் வாரம் ஒருமுறை. மேல் மண் காய்ந்து தெரிந்தாலும், இரண்டு அங்குலம் தோண்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடலாம்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். துணி துவைத்த தண்ணீர் அப்படியல்ல. சோப்புத்தூளில் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே கெடுத்து, தண்ணீர் இறங்காத மண்ணாக்கிவிடும். ஆர்.ஓ. கழிவு நீரிலும் உப்பு அதிகம். வேறு வழியில்லை என்றால் நல்ல தண்ணீரோடு கலந்து அரளிக்கும் காகிதப்பூவுக்கும் விடலாம். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் வேண்டவே வேண்டாம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பார்த்த பிறகு ஜிப்சம் போடுவதா என்று முடிவு செய்யுங்கள். சோடியம் உள்ள மண்ணுக்குத்தான் ஜிப்சம் மருந்து, சுக்கான் உள்ள மண்ணுக்கெல்லாம் இல்லை.

வெடிப்பைக் குறைக்க மூடாக்குதான் வழி. கடலை மிட்டாய்க்குப் பேர் போன ஊரில் கடலைத்தொலிக்குப் பஞ்சமா? மூன்று அங்குலக் கனத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கரையான் வந்தால் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்குத் தூவலாம். தொலியை மண்ணுக்குள் புதைக்காதீர்கள், மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

சுவரை ஒட்டி வைக்கலாமா?

கரிசலில் வீடு கட்டியவர்களுக்குச் சுவர் விரிசல் புதிதில்லை. மண் உப்பிச் சுருங்கும்போது அஸ்திவாரமும் சேர்ந்து அசைகிறது. சுவரை ஒட்டிப் பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் விட்டால் ஒரு பக்கம் உப்பும், மறுபக்கம் காயும். பெரிய மரமாகும் கொன்றை போன்றவற்றைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால், கோடையில் அவற்றின் வேர் அஸ்திவாரத்தடி ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும். புதர்ச்செடி என்றால் சுவரில் இருந்து குறைந்தது மூன்று நாலு அடி, மரம் என்றால் அது வளரக்கூடிய உயரத்தின் அளவுக்குத் தள்ளி வைப்பது பாதுகாப்பு. அவ்வளவு இடம் இல்லாத மனையில் மர வகை பூச்செடியே வேண்டாம். அந்த ஓரத்துக்குத் தொட்டியில் அடினியமோ, டேபிள் ரோஸோ வைத்துவிடலாம். இரண்டும் வெயிலை விரும்புபவை, அடினியத்துக்குக் கோடையிலும் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் போதும், மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள்.